புது வீடு, ஏசி வேறு வரப்போகிறது: வருஷத்துக்குக் கரண்டுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

கீழக்கரை மருமகள்:

எல்லாருக்கும் சலாம், வணக்கம்.

பொங்கல் லீவு முடிந்த கையோடு பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்கு வந்துவிட்டோம். கீழக்கரைதான், ஊரைத் தாண்டி ஏர்வாடி போகிற பக்கம். வீட்டில் நான், மாமி, இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். வருஷச் செலவை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதி அனுப்பச் சொன்னார், அதற்குத் தகுந்த மாதிரி தனியாக எடுத்து வைத்துவிடுவாராம். கேஸ், ஸ்கூல் பீஸ், தண்ணி லாரி, மளிகை எல்லாம் எழுதிவிட்டேன். கரண்டு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

இதுவரை இரண்டு பில்தான் வந்திருக்கிறது. முதலாவது 290 யூனிட், ரூ.658. இரண்டாவது, மே முதல் வாரத்தில் எடுத்தது, 410 யூனிட், ரூ.1,238. யூனிட் கூடியது 120தான், பணம் மட்டும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. சரி, இரண்டையும் கூட்டி மூன்றால் பெருக்கினால் 5,700 பக்கம் வருகிறது. அவரோ "அது எப்படி, ஏசி போட்டால் அந்த மாதிரி இருக்காது" என்கிறார். மாமிக்கு முடியவில்லை, அதனால் இந்த மாதமே கீழ் ரூமுக்கு ஒன்றரை டன் ஏசி வாங்குவதாக இருக்கிறோம்.

வீட்டில் இருப்பது: பேன் நான்கு (சாதாரண பேன்தான், புதுசு), 250 லிட்டர் பிரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின், ஒரு எச்பி மோட்டார், ஆர்ஓ மெஷின், மிக்சி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி. லைட் எல்லாம் எல்இடி. இன்வெர்ட்டரும் உண்டு. ஹீட்டர் கிடையாது, நம்ம ஊரில் அதற்கு வேலையும் இல்லை. வாட்ஸைப் பார்த்து மணி நேரத்தால் பெருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், நானும் பெருக்கிப் பார்த்தேன், பில்லில் வந்த யூனிட்டோடு ஒத்து வரவில்லை. இதை எப்படித்தான் கணக்குப் போடுவது?

ராம்நாடு வாத்தியார்:

சகோதரி, உங்கள் இரண்டு பில்லையும் சரிபார்த்துவிட்டேன், தொகை சரியாகத்தான் இருக்கிறது. முதலில் விலை எப்படி ஏறுகிறது என்று பார்த்துவிடுவோம், அது புரியாமல் யூனிட்டை மட்டும் எண்ணிப் பிரயோஜனம் இல்லை.

2024 ஜூலையில் கூட்டிய விலைப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால்: முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு ரூ.2.35, 201 முதல் 400 வரை ரூ.4.70, 401 முதல் 500 வரை ரூ.6.30. ஐந்நூறைத் தாண்டினால் அட்டவணையே வேறு. அந்த 2.35 என்கிற மலிவு விலை காணாமல் போய்விடும், 101 முதல் 400 வரை மொத்தமும் 4.70 ஆகிவிடும். 500க்கு மேல் உள்ள யூனிட்டுகள் 8.40, அறுநூறுக்கு மேல் 9.45, எண்ணூறுக்கு மேல் 10.50, ஆயிரத்துக்கு மேல் 11.55. அதாவது 500 யூனிட்டுக்கு ரூ.1,805 கட்டுகிறவர், 501 ஆகிவிட்டால் ரூ.2,048 கட்டுவார். அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய். இதைச் சொன்னால் நம்பாதவர்கள் எங்கள் ஸ்டாப் ரூமிலேயே இருக்கிறார்கள்.

இப்போது வாட்ஸ் கணக்கு. சாதாரண பேன் 75 வாட்ஸ். நான்கு பேனும் சேர்ந்து ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். வெயில் காலத்தில் நம்ம பக்கம் நாற்பது மணி நேரம் சுலபமாக வரும், அது 3 யூனிட். பிரிட்ஜ் 0.9, லைட் 0.4, டிவி 0.35, மோட்டார் அரை மணி நேரம் ஓடினால் 0.5, துவைக்கிறது, இஸ்திரி, மிக்சி, கிரைண்டர் எல்லாம் சேர்த்து 0.55, ஆர்ஓ 0.1. ஆக நாளைக்கு 5.8, அறுபது நாளைக்கு 348. பில்லில் 410. மீதி 60 யூனிட்டை நீங்கள் பட்டியலில் எழுதாத ஏதோ ஒன்று சாப்பிடுகிறது, அதைக் கண்டுபிடியுங்கள்.

இதில் மிக்சி, கிரைண்டர், செல்போன் சார்ஜர் என்று உட்கார்ந்து கால் கால் யூனிட்டாக எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். இந்தப் பக்கத்து வீடுகளில் பில்லைத் தீர்மானிப்பது பேன், பிரிட்ஜ், ஏசி, அப்புறம் நாள் முழுக்க அணையாமல் கிடக்கும் சாமான்கள்.

வருஷக் கணக்கு என்றால் ஆறு பில்லையும் தனித்தனியாகத்தான் போட வேண்டும். உங்கள் முதல் பில்லில் பாதி ஜனவரி வீடு காலி, அதனால் 290ஐ நம்ப வேண்டாம், முழு இரண்டு மாதம் என்றால் 330 வைத்துக்கொள்ளலாம். ஏசி இல்லாமல் என் கணக்கு: ஜனவரி-பிப்ரவரி 330, மார்ச்-ஏப்ரல் 410, மே-ஜூன் 420, ஜூலை-ஆகஸ்ட் 400, செப்டம்பர்-அக்டோபர் 370, மழைக்காலம் 330. மொத்தம் 2,260 யூனிட், ரூ.6,440.

ஏசி வந்த பிறகு, கீழ் ரூமில் இரவு மட்டும் எட்டு மணி நேரம் என்று வைத்தால், அதே வரிசையில் 30, 220, 330, 250, 200, 30 கூடும். பில்கள் இப்படி வரும்: 360 யூனிட் ரூ.987, 630 யூனிட் ரூ.3,163, 750 யூனிட் ரூ.4,297, 650 யூனிட் ரூ.3,352, 570 யூனிட் ரூ.2,628, கடைசியில் மறுபடி 360, ரூ.987. மொத்தம் 3,320 யூனிட், ரூ.15,400. ஏசிக்கு மட்டும் 9,000 ரூபாய்.

இங்கே கவனிக்க வேண்டியது, ஏசி கூட்டியது 1,060 யூனிட்தான், ஆனால் ஒவ்வொரு யூனிட்டும் எட்டரை ரூபாய் விழுகிறது. வீட்டின் மற்ற சாமான்கள் எல்லாம் சராசரி மூன்று ரூபாய்க்குள் ஓடும்போது ஏசிக்கு மட்டும் ஏன் இப்படி என்றால், அது மேல்தட்டில் போய் உட்காருகிறது. அதனால்தான் கடைக்காரர் "யூனிட் நாலரை ரூபாய், எட்டு மணி நேரம் போட்டாலும் இருபத்தஞ்சு ரூபாய்தான்" என்று சொல்வது ஒத்து வராது.

மொத்த யூனிட்டை ஆறால் வகுத்து சராசரி எடுத்துப் போட்டால் 14,900 வரும், 500 ரூபாய்தான் வித்தியாசம், அது பெரிசில்லை. ஆனால் ஜூலை முதல் வாரம் ஒரேயடியாக 4,300 கட்ட வேண்டியிருக்கும் என்பதைச் சராசரி சொல்லாது. மாதா மாதம் பணம் அனுப்புகிறவருக்கு அதுதான் முக்கியம்.

தொண்டி பாய்:

லாத்தா, இவ்வளவு கணக்கு எதற்கு. மாடிக்குத் தனி மீட்டர் வாங்கிவிடுங்கள். இரண்டு மீட்டருக்கும் நூறு நூறு யூனிட் இலவசம், இரண்டுமே ஐந்நூறைத் தாண்டாது. எங்கள் தெருவில் பாதிப் பேர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

மண்டபம் வயர்மேன்:

பாய், தனி மீட்டர் தனிக் குடும்பத்துக்கு. தனி வாசல், தனிச் சமையல்கட்டு இருந்து, வேறு குடும்பம் குடியிருந்தால் சரி. ஒரே குடும்பம், ஒரே அடுப்பு, மாடியில் துணி காயப் போடுகிறார்கள் என்றால் ஆய்வுக்கு வருகிறவர்கள் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிடுவார்கள். அந்த அக்காவுக்கு வேண்டாத யோசனை சொல்லாதீர்கள்.

வாத்தியார் சொன்ன அந்த 60 யூனிட் எங்கே போகிறது என்பதைக் கண்டுபிடிக்க மீட்டர் பெட்டியிடம் போய் நின்றாலே போதும். மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு லைட் மினுக்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் 3200 என்று ஒரு எண் அச்சடித்திருப்பார்கள், சிலதில் வேறு எண்ணும் இருக்கும், உங்களுடையதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட். வீட்டில் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே வாருங்கள், பிரிட்ஜ் பிளக்கையும் பத்து நிமிஷம் எடுத்துவிடுங்கள். மெயினை மட்டும் அணைக்க வேண்டாம், அணைத்தால் இன்வெர்ட்டர் ஏற்றுக்கொள்ளும், மீட்டரில் ஒன்றும் தெரியாது. எல்லாம் அணைந்த பிறகும் லைட் மினுக்கினால் ஒரு மினுக்குக்கும் அடுத்த மினுக்குக்கும் எத்தனை செகண்டு என்று போனில் பாருங்கள். 3,600ஐ அந்தச் செகண்டால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மினுக்கு என்று வரும், அதை 3.2 ஆல் வகுத்தால் வாட்ஸ். பத்து வாட்ஸ் சும்மா ஓடினால் வருஷத்துக்கு 88 யூனிட், நினைவில் வையுங்கள்.

இதே முறையில் ஏசியையும் அளக்கலாம். ஏசியை மட்டும் போட்டுவிட்டு ஒரு நிமிஷத்துக்கு 64 மினுக்கு என்றால் அந்த நேரத்தில் மணிக்கு 1.2 யூனிட் இழுக்கிறது. இன்வெர்ட்டர் ஏசி முதல் அரை மணி நேரம் அப்படித்தான் இழுக்கும், ரூம் குளிர்ந்த பிறகு பாதிக்கு இறங்கும். ரூம் குளிர்ந்து ஒரு மணி நேரம் ஆன பிறகும் இறங்கவில்லை என்றால் ஏதோ கோளாறு, ஜன்னல் இடுக்கு, கதவுக்கு அடியில் சந்து, இல்லை வெளியே இருக்கிற யூனிட்.

வெளி யூனிட்டைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஏசியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கும், அது வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓடினால் என்கிற கணக்கு. நம்ம கடற்கரையில் இரவு எட்டு மணி நேரம் போடுகிற வீட்டில் 1,600 தாண்டிவிடும். அதோடு அந்த அளவு, புது ஏசியை ஆய்வுக்கூடத்தில் வைத்து எடுத்தது. மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்றில் உப்பும் மணலும் வந்து அப்பிய ஏசிக்கு அது பொருந்தாது. மூன்று வருஷம் கடல் பக்கம் பார்த்து மாட்டின யூனிட்டைக் கழற்றினால், பின்னால் இருக்கிற அலுமினியத் தகடு விரலால் தொட்டதும் வெள்ளை மாவாக உதிர்ந்து கொட்டும். தகடு போனால் சூடு வெளியேறாது, கம்ப்ரசர் இறங்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், பில் ஏறும். ஆகவே அக்கா, கடலைப் பார்த்த சுவரில் மாட்டச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பைப் நீளம் கூடுகிறது, காசு கூடும் என்பார்கள், கூடினால் கூடட்டும். தகட்டுக்குத் துருத் தடுப்புப் பூச்சு உள்ள மாடல் கேளுங்கள். மாதம் ஒரு தடவை நல்ல தண்ணியை, போர் தண்ணி வேண்டாம், மெதுவாக ஊற்றிக் கழுவினால் போதும், அதுவும் சுவிட்சை அணைத்துவிட்டு.

24இல் வையுங்கள், பேனையும் கூடவே போடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் ஆறு சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பே சொல்கிறது, 2020இலிருந்து ஏசி கம்பெனிகள் 24ஐத்தான் தொடக்க அளவாக வைத்து விற்க வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். மாமிக்கு அது போதும்.

பாம்பன் அக்கா:

தங்கச்சி, எனக்கு வாட்ஸும் தெரியாது மினுக்கும் தெரியாது. வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும், மீட்டரில் என்ன எண் என்று பார்த்துக் காலண்டரில் எழுதிவிடுவேன். ரீடிங் எடுக்க வந்த நாள் அட்டையில் இருக்கும் எண்ணைக் கழித்தால் இதுவரை ஓடியது தெரியும். முப்பது நாளில் 250 தாண்டினால் வீட்டில் சத்தம் போட ஆரம்பித்துவிடுவேன். எங்களுக்கு ஏசி இல்லை, ஐந்நூறைத் தாண்டுவதும் இல்லை.

ஆனால் ஒன்று. எங்கள் மாதிரி கடலுக்குப் போகிற வீட்டில் வருஷம் ஒரே மாதிரி ஓடாது. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள், படகு கரையில் நிற்கும், ஆம்பளைங்க பகலெல்லாம் வீட்டில். ஒரு பேன் கூட, டிவி கூட, போன் சார்ஜ் கூட, வெயிலும் அப்போதுதான். கையில் காசு இல்லாத நேரத்தில்தான் பெரிய பில்லும் வரும். வாத்தியார் சார் கணக்கில் இது வராது. உங்கள் வீட்டிலும் அந்த மாதிரி ஏதாவது இருக்கும், வீட்டுக்காரர் லீவுக்கு எப்போது வருவார் என்று யோசித்துப் பாருங்கள்.

ராம்நாடு வாத்தியார்:

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கீழக்கரை வீட்டுக்கு ரம்ஜான் நோன்பும் அப்படித்தான். ஒரு மாதம் முழுக்க சஹருக்கு (விடியுமுன் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு) முன்னாலிருந்தே லைட், பேன், மிக்சி எல்லாம் ஓடும். இந்த வருஷம் (2025) மார்ச்சில் வந்தது, அதனால் அந்த 410க்குள் நோன்பும் இருக்கிறது. அடுத்த வருஷம் (2026) பிப்ரவரி மூன்றாம் வாரமே தொடங்கிவிடும், வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். போன வருஷ பில்லைப் பார்த்து இந்த வருஷத்தைச் சொல்கிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

ரீடிங் தேதியையும் பாருங்கள். உங்களுக்கு மே முதல் வாரத்தில் எடுக்கிறார்கள், ஆகவே அக்னி நட்சத்திரம் முழுசும் ஒரே பில்லில் விழுகிறது. எங்கள் தெருவில் மே நடுவில் எடுக்கிறார்கள், வெயில் இரண்டு பில்லுக்கும் பங்காகப் பிரிந்துவிடும். ஒரே அளவு கரண்டு ஓட்டினாலும் கட்டும் பணம் ஒன்றாக இருக்காது. மாதா மாதம் ரீடிங் எடுக்க வேண்டும் என்று மக்கள் கேட்பது இதனால்தான்.

கீழக்கரை மருமகள்:

எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹ். வயர்மேன் அண்ணன் சொன்ன மாதிரி நேற்று மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்து எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரிடம் நின்றேன். பிள்ளைகள் இரண்டு பேரும் செகண்டு எண்ணினார்கள். எங்கள் மீட்டரிலும் 3200தான். 25 செகண்டுக்கு ஒரு தடவை மினுக்குகிறது! கணக்குப் போட்டால் 45 வாட்ஸ். அறுபது நாளைக்கு 65 யூனிட், வாத்தியார் சார் தேடச் சொன்ன யூனிட் அப்படியே கிடைத்துவிட்டது.

என்னவென்று ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிப் பார்த்தால் வாசலிலும் கொல்லையிலும் மாட்டியிருக்கும் கேமரா, அதன் பெட்டி, வைபை, டிவி பெட்டி, இன்வெர்ட்டர். கேமராவைக் கழற்றின இரண்டாவது நிமிஷம் துபாயிலிருந்து போன். "என்ன கேமரா ஓடவில்லை, யார் வந்தது?" அதனால் கேமராவும் வைபையும் அணைக்கிற பேச்சே இல்லை, அது அவருடைய கணக்கில் எழுதிவிடுகிறேன். டிவி பெட்டியை மட்டும் இரவில் அணைக்கப் போகிறேன்.

இப்போது இரண்டு சந்தேகம். ஒன்று, பேன். பிஎல்டிசி என்கிற குறைந்த வாட்ஸ் பேன் மாற்றினால் கரண்டு குறையும் என்கிறார்கள், ஆனால் இப்போது இருப்பது நாலைந்து மாதம் கூட ஆகாத பேன், கழற்ற மனசு வரவில்லை. இரண்டாவது, வீட்டுக்காரருடைய நண்பர் ஒருவர் மொட்டை மாடியில் மூன்று கிலோவாட் சோலார் போட்டுவிட்டால் கரண்டு பில்லே வராது, கவர்மெண்டே இலவசமாகத் தருகிறது என்று சொல்லியிருக்கிறார். உண்மையா?

மண்டபம் வயர்மேன்:

பேன் விஷயத்தில் கணக்கு மனசை விடப் பெரிசு அக்கா. பிஎல்டிசி பேன் முழு வேகத்தில் 30 வாட்ஸ் பக்கம். உங்கள் பேனில் 75. நாற்பது மணி நேரத்துக்கு நாளைக்கு 1.8 யூனிட் மிச்சம், ஒரு பில்லுக்கு நூறு யூனிட்டுக்குக் குறையாது. வாத்தியார் போட்ட ஏசிக் கணக்கில் வெயில் கால பில் நான்கிலும் 100ஐக் கழியுங்கள், குளிர்காலத்தில் 60. அந்த 570 யூனிட் பில் 470 ஆகும், 2,628 கட்ட வேண்டியது 1,616 ஆகிவிடும், ஐந்நூறுக்குக் கீழே இறங்கிவிட்டதால் அவ்வளவு வித்தியாசம். ஆறு பில்லும் சேர்ந்தால் வருஷத்துக்கு 4,300 ரூபாய் வரை மிச்சம். பேன் ஒன்று மூவாயிரம் பக்கம் விற்கிறது. நான்கையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், ராத்திரி முழுக்க ஓடுகிற இரண்டை இப்போது மாற்றுங்கள், பாதிக்கு மேல் மிச்சம் அதிலேயே வந்துவிடும். கழற்றினதைக் கூடத்திலேயோ மாடியிலேயோ எப்போதாவது ஓடுகிற இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

சோலார் இலவசம் கிடையாது. 2024 பிப்ரவரியில் பிரதமர் தொடங்கி வைத்த சூர்ய கர் திட்டத்தில் மானியம்தான் தருகிறார்கள். ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் போனால் 78,000, அதற்கு மேல் ஏறாது. மீதிப் பணம் நம்ம கையிலிருந்து. மானியமும் போட்ட பிறகுதான் பேங்க் கணக்குக்கு வரும்.

வெயிலுக்கு நம்ம மாவட்டத்தில் குறை இல்லை, கமுதியில் 648 மெகாவாட்டுக்குச் சும்மாவா பலகை விரித்தார்கள். ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட் என்று தைரியமாக வைக்கலாம். இரண்டு கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 480. உங்கள் 750 யூனிட் பில்லில் 480 கழிந்தால் 270. சோலார் முதலில் கழிப்பது அந்த 9.45, 8.40 விலை யூனிட்டைத்தான், அதுதான் இதில் லாபம். ஏசி இல்லாத வீட்டுக்கு இதே சோலார் போட்டால் கழிகிறது பெரும்பாலும் 4.70, 2.35 விலை யூனிட்தான், போட்ட காசு வர ரொம்ப வருஷம் ஆகும். மூன்று கிலோவாட் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சோலார் கரண்டைக் கழித்துக் கணக்குப் போடுகிற நெட் மீட்டருக்கு விண்ணப்பிக்கும்போதே வேறு என்னென்ன கட்டணம் வரும் என்று பிரிவு அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பலகை நிற்கிற சட்டம் அலுமினியம் இல்லையென்றால் நன்றாகத் துத்தநாகம் முக்கியெடுத்த இரும்பு, நட்டு போல்ட்டு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பெயிண்ட் அடித்த இரும்பு இரண்டு கச்சான் தாங்காது. மாடித் தளத்தில் கான்கிரீட் கட்டையோடு பிடித்துக்கட்ட வேண்டும், இது 1964 தனுஷ்கோடிப் புயல் பார்த்த கரை.

ராம்நாடு வாத்தியார்:

சோலாரில் எனக்கு வேறு கருத்து. இப்போதே போட வேண்டாம், ஏசி ஓடி ஒரு மே-ஜூன், ஒரு ஜூலை-ஆகஸ்ட் பில்லாவது கையில் வரட்டும். நான் சொன்ன 750 என் மதிப்பீடுதான். ரூம் மேலே மொட்டை மாடியா, மாடி ரூமா, மாமி இரவு மட்டும் போடுகிறாரா, மத்தியானத்திலும் இரண்டு மணி நேரம் போடுகிறாரா என்பதைப் பொறுத்து நூறு யூனிட் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகரும். மத்தியானம் போட்டால் கட்டாயம் எண்ணூறைத் தாண்டிவிடும், அங்கே விலை 10.50. எத்தனை கிலோவாட் என்று முடிவு பண்ண அந்த இரண்டு பில் போதும்.

மண்டபம் வயர்மேன்:

அதுவும் சரிதான். ஆனால் ரொம்ப யோசித்துக்கொண்டே இருந்தால் மானியத் திட்டம் மாறிவிடும் சார்.

தொண்டி பாய்:

தனி மீட்டர் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். லாத்தா, ஏசி எந்த ஸ்டார் வாங்குகிறீர்கள்? ஐந்து ஸ்டாருக்கு ஏழெட்டாயிரம் கூடச் சொல்கிறார்கள்.

ராம்நாடு வாத்தியார்:

இரண்டு மாடலின் ஸ்டிக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யூனிட் வித்தியாசத்தை எட்டரை ரூபாயால் பெருக்குங்கள் பாய். உதாரணத்துக்கு மூன்று ஸ்டாரில் 980, ஐந்து ஸ்டாரில் 780 என்று இருந்தால் 200 யூனிட், வருஷத்துக்கு 1,700 ரூபாய். நம்ம ஊரில் 1,600 மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். நாலு, நாலரை வருஷத்தில் கூடுதல் காசு திரும்பிவிடும். விருந்தாளி வந்தால் மட்டும் போடுகிற ரூம் என்றால் மூன்று ஸ்டாரே போதும், மாமி தினமும் படுக்கிற ரூமுக்கு ஐந்து.

கீழக்கரை மருமகள்:

ஐந்து ஸ்டார், துருத் தடுப்புப் பூச்சு உள்ளது, வெளி யூனிட் வடக்குச் சுவரில், இப்படித்தான் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். பைப்புக்குத் தனியாகக் கேட்கிறார், வயர்மேன் அண்ணன் சொன்ன மாதிரி கூடினால் கூடட்டும் என்றுவிட்டேன். பேன் இரண்டு இந்த வாரம் மாற்றுகிறோம்.

அவருக்கு இப்படி எழுதி அனுப்பிவிட்டேன்: கரண்டு வருஷத்துக்கு 15,500, அதில் ஜூலையில் 4,300 ஒரே தடவையில், மே, செப்டம்பர் மாதங்களில் மூவாயிரத்துச் சொச்சம், நவம்பரில் 2,700, ஜனவரி, மார்ச் மாதங்களில் ஆயிரம் ஆயிரம். பேன் மாற்றின மிச்சத்தைக் கழிக்கவில்லை, அவர் டிசம்பரில் லீவுக்கு வருகிறார், அப்போது மேல் ரூமுக்கும் ஒரு ஏசி என்று கட்டாயம் கேட்பார், அதற்கு இருக்கட்டும். சோலாரை செப்டம்பர் பில் வந்ததும் இங்கேயே வந்து கேட்கிறேன்.

பாம்பன் அக்கா, எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்று வைத்திருக்கிறேன், மீட்டர் எண்ணைப் பெரிய பையன் எழுதுவான்.

பாம்பன் அக்கா:

பையனிடம் புள்ளிக்குப் பிறகு வருகிற எண்ணை விட்டுவிடச் சொல்லு தங்கச்சி, என் மகள் முதல் மாதம் அதையும் சேர்த்து எழுதி ஆயிரக்கணக்கில் காட்டிவிட்டாள்.